பால்வாடிக்கு நாள் தவறாமல் அனுப்புவது எப்படி: முதன்முறை அனுப்பும் வீட்டாருக்கு

பிள்ளைக்கு இரண்டு வயது நிறைந்ததும் அங்கன்வாடியில் பெயர் கொடுப்பது எளிது. கட்டணம் கிடையாது; தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருப்பதால் பெரும்பாலான வீடுகளுக்கு நடந்துபோகும் தொலைவில் ஒன்று இருக்கும். கடினமான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பெயர் கொடுத்த பிள்ளையை நாள்தோறும், ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஆண்டு முழுவதும் கொண்டுபோய் விட வேண்டும். இந்தக் கட்டுரை அந்த வேலையைப் பற்றியது.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே கட்டாயக் கல்வியை வகுக்கிறது. ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை வரவில்லை என்றால் சட்டப்படி யாரும் கேட்க முடியாது. மாதந்தோறும் கட்டணம் செலுத்தி எல்.கே.ஜி.யில் சேர்த்த வீட்டிலோ, பிள்ளை ஒரு நாள் நின்றால், கட்டின காசு வீணாகிறதே என்ற எண்ணமே மறுநாள் அனுப்பி வைத்துவிடும். அங்கன்வாடிக்கு அனுப்பும் வீட்டில் சட்டமும் இல்லை, காசும் இல்லை. ஆகவே ஒழுங்கு முழுவதும் வீட்டாரின் ஏற்பாட்டிலிருந்தே வர வேண்டியிருக்கிறது. பிள்ளை அடம்பிடித்து நிற்கும் நாள்களைவிட, பெரியவர்களின் ஏற்பாடு பிசகி நிற்கும் நாள்களே அதிகம் என்பது நான் பார்த்த அளவில் உறுதியாகச் சொல்லக்கூடியது.

சோறு போடும் இடம் என்ற எண்ணம்

அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் தொடங்கியது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது ஊர்ப்புறத்துக் குழந்தைகள் மையங்களிலும் மதிய உணவு வந்தது. அதனால் இரண்டு தலைமுறையாக மக்கள் மனத்தில் இது முதலில் ஓர் உணவு மையம். ‘பால்வாடி’ என்ற பெயரில் உள்ள ‘பால்’ கறந்த பால் என்றே பலர் நினைத்திருக்கிறார்கள். அது குழந்தையைக் குறிக்கும் வடநாட்டுச் சொல். இந்த எண்ணத்தின் விளைவாக, சில வீடுகளில் பிள்ளையைச் சோற்று நேரத்துக்குக் கொண்டுவந்து உட்கார வைத்து, சாப்பிட்டதும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பதிவேட்டில் அந்தப் பிள்ளை வந்ததாகவே இருக்கும். ஆனால் பாட்டும் கதையும் விளையாட்டும் பெரும்பாலும் முற்பகலிலேயே நடந்து முடிந்திருக்கும்.

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம் நடைமுறையில் உள்ளது. மாதத்துக்கு ஒரு கருப்பொருள் என்ற முறையில் அது நகர்கிறது. திங்களன்று கேட்ட கதையைச் செவ்வாயன்று நடித்துப் பார்ப்பது, புதனன்று அதில் வந்த விலங்குக்கு வண்ணம் தீட்டுவது என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போதுதான் மூன்று வயதுப் பிள்ளைக்கு அது பிடிபடுகிறது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வரும் பிள்ளை அந்த வாரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கற்றுக்கொள்கிறது என்று கணக்குப் போடக் கூடாது. அது ஒவ்வொரு முறையும் புதிய இடத்துக்கு வந்ததுபோல் அழுது, பழகி, பழகி முடிவதற்குள் மறுபடியும் நின்றுவிடுகிறது. வாரத்தில் மூன்று நாள் தரும் முட்டை, மாதம் ஒரு முறை எடை பார்ப்பது, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தரும் குடற்புழு நீக்க மாத்திரை எல்லாமே வருகையோடு சேர்ந்தவை. எடை பார்க்கும் நாளில் இரண்டு மாதம் தொடர்ந்து வராத பிள்ளையின் எடை குறைந்திருந்தால், அது தெரியவரும்போது மூன்றாம் மாதம் ஆகியிருக்கும்.

சேர்ப்பதற்கு முன்

பெயர் கொடுக்கும் நாளுக்கு முந்தைய இரண்டு வாரங்களில், மூன்று நான்கு முறையாவது பிள்ளையுடன் மையத்துக்குப் போய்வர வேண்டும். முற்பகலில், பாட்டு நடக்கும் நேரத்தில் போய் அரை மணி நேரம் உடன் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினால் போதும். டீச்சர் யார், ஆயா யார், தண்ணீர் எங்கே இருக்கிறது, கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதைப் பிள்ளை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட வேண்டும். கழிப்பறையைக் குறிப்பாகச் சொல்கிறேன். வீட்டில் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து பழகிய பிள்ளைக்குக் கதவு மூடிய இருட்டறை பயத்தைத் தரும். அந்தப் பயத்தில் அடக்கி வைத்து, ஒரு நாள் ஆடையிலேயே போய்விட்டு, மறுநாள் வரமாட்டேன் என்று நிற்கும் பிள்ளைகள் பலர். ‘ஒன்னுக்கு’, ‘ரெண்டுக்கு’ என்று உங்கள் வீட்டில் எந்தச் சொல் வழங்குகிறதோ அதை டீச்சரிடமும் ஆயாவிடமும் சொல்லி வையுங்கள். மாற்று உடை ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும்.

பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை ஆகியவற்றின் நகல்களைக் கேட்கலாம். ஒன்று கையில் இல்லை என்பதற்காகச் சேர்ப்பதை மாதக்கணக்கில் தள்ளிப்போடாமல், இருப்பதை எடுத்துக்கொண்டு போய் டீச்சரிடம் பேசுவதே நல்லது.

எப்போது தொடங்குவது என்பதில் ஓர் எச்சரிக்கை தேவை. விஜயதசமியன்று நெல்லில் ‘அ’ எழுத வைத்து அன்றே சேர்ப்பது நம் வழக்கம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விஜயதசமி கழிந்த மூன்று வாரத்துக்குள் தீபாவளி வந்துவிடும், அதை ஒட்டியே வடகிழக்குப் பருவமழையும் பிடித்துக்கொள்ளும். பழக்கம் ஊன்ற வேண்டிய முதல் மாதத்தில்தான் விடுமுறையும் மழையும் அதிகம். அன்று சேர்க்கிறவர்கள், தீபாவளி வரைக்கும் ஒரு நாள்கூடத் தவறவிடுவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டு சேர்க்க வேண்டும். அது முடியாது என்று தோன்றினால், எழுத்தை மட்டும் விஜயதசமியில் தொடங்கி வைத்துவிட்டு, அதற்கு முன்பே ஜூன், ஜூலையில் மையத்துக்கு அனுப்பத் தொடங்கிவிடுவது சிறந்தது. வீட்டில் தம்பியோ தங்கையோ பிறக்கப்போகும் மாதத்திலும், வீடு மாறும் மாதத்திலும் தொடங்க வேண்டாம். தாய்மடி பறிபோனதும் பால்வாடிக்குப் போனதும் ஒன்றுதான் என்று பிள்ளை முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

முதல் மூன்று வாரம்

முதல் நாளே முழு நேரமும் விட்டுவிட வேண்டியதில்லை. முதல் இரண்டு நாள் நீங்கள் உடன் இருந்து ஒரு மணி நேரம், அடுத்த இரண்டு நாள் நீங்கள் வாசலில் இருந்து இரண்டு மணி நேரம், பிறகு நீங்கள் போய்விட்டுச் சோறு முடிந்ததும் திரும்பி வருவது, அதன்பின் முழு நேரம் என்று கூட்டிக்கொண்டு போகலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த வேகம் மாறும். நேரத்தைக் குறைக்கலாம், நாளை மட்டும் குறைக்கக் கூடாது. ஒரு மணி நேரம் வீதம் ஆறு நாள் போன பிள்ளை, நாலு மணி நேரம் வீதம் இரண்டு நாள் போன பிள்ளையைவிட விரைவில் பழகும்.

விட்டுவிட்டு வரும்போது சொல்லாமல் நழுவுவது மிகப் பெரிய பிழை. அதை நானே செய்திருக்கிறேன். மகள் பொம்மையில் மூழ்கியிருந்த நேரம் பார்த்து ஓசைப்படாமல் வெளியேறினேன். பெரிய சாமர்த்தியம் என்று அன்று நினைத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து அவள் பொம்மையைத் தொடவே இல்லை. என் சேலை முந்தானையைப் பிடித்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிடியைத் தளர்த்த இரண்டு வாரம் ஆயிற்று. விடைபெறும்போது பிள்ளை அழட்டும். ஆனால் அம்மா சொல்லிவிட்டுத்தான் போனாள், சொன்னபடி வந்தாள் என்ற நம்பிக்கை அந்த அழுகைக்கு அடியில் உருவாகிறது. ‘பன்னிரண்டரை மணிக்கு வருகிறேன்’ என்பது இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் சொல்லாது. ‘சோறு சாப்பிட்டு, கை கழுவினதும் அம்மா வந்துருவேன்’ என்றால் புரியும். சொன்ன நேரத்தில் வந்து நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

விடைபெறுதல் சுருக்கமாக இருக்கட்டும். முத்தம் கொடுத்து, ஆயா கையில் பிள்ளையின் கையைக் கொடுத்து, திரும்பி நடந்துவிடுங்கள். பத்து அடி போய்த் திரும்பிப் பார்ப்பதும், சன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதும் (இதில் பாட்டிமாரை மிஞ்ச ஆள் கிடையாது) அடங்கப்போன அழுகையைப் புதிதாகக் கிளப்பிவிடும். அழுகை எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை மாலையில் டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நாளுக்கு நாள் குறைகிறதா என்பதே பார்க்க வேண்டியது. இரண்டாம் வாரத் திங்களன்று முதல் நாளைவிட அதிகமாக அழுதால் திகைக்க வேண்டாம். முதல் வாரம் புதுமை இருந்தது. இது நாள்தோறும் நடக்கப்போகிறது என்பது இப்போதுதான் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது. பல வீடுகளில் இந்தத் திங்கட்கிழமையில்தான், ‘பிள்ளைக்கு இன்னும் வயசு வரலை, ஆறு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம்’ என்று தாத்தா தீர்ப்பு வழங்கிவிடுகிறார். ஆறு மாதம் கழித்தும் அதே திங்கட்கிழமை வரும்.

‘சாப்பிடலைன்னா டீச்சர்கிட்ட சொல்லிருவேன்’, ‘டீச்சர் அடிப்பாங்க’ என்று வீட்டில் மிரட்டுவதை அடியோடு விட்டுவிட வேண்டும். டீச்சரைப் பூச்சாண்டியாக்கிவிட்டு, பிள்ளை அவரிடம் சிரித்துக்கொண்டே போக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் அல்ல. போனால் பிஸ்கட் பாக்கெட், போகாவிட்டால் இல்லை என்ற பேரமும் வேண்டாம். விலை நாளுக்கு நாள் ஏறும்.

நாளை காலைக்கான வேலை இன்று மாலையில்

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. காலை ஏழு மணிக்கு எழ வேண்டிய பிள்ளை, மையத்தில் பிற்பகல் ஒரு மணி நேரம் தூங்கும் என்று வைத்துக்கொண்டாலும், இரவு ஒன்பதுக்குள் தூங்கியிருக்க வேண்டும். பெரியவர்கள் பார்க்கும் கடைசி சீரியல் முடியும்வரை கூடவே விழித்திருக்கும் பிள்ளை காலையில் எழாது, எழுப்பினால் சிணுங்கும், சிணுங்கினால் ‘இன்னிக்கு ஒரு நாள் கிடக்கட்டும்’ என்ற சொல் வரும். நின்றது காலையில் என்றாலும் காரணம் முந்தைய இரவில் இருக்கிறது.

பை, மாற்று உடை, தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றை இரவே வாசலருகே வைத்துவிடுங்கள். காலையில் கைப்பேசியைப் பிள்ளையின் கண்ணில் காட்ட வேண்டாம். பாதியில் பிடுங்கப்பட்ட படத்துக்கான கோபம் முழுவதும் பால்வாடியின் மேல் பாயும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, கொண்டுபோய் விடுவது யார் என்பதை முடிவு செய்து வைப்பது. நூறு நாள் வேலைக்குப் போகும் தாய் விடியலிலேயே கிளம்ப வேண்டியிருக்கலாம். பனியன் கம்பெனி வண்டி வாசலில் வந்து ஒலி எழுப்பலாம். அந்த நேரத்தில் பால்வாடி திறந்திருக்காது. இடைப்பட்ட நேரத்தில் பிள்ளையை வைத்திருந்து, சாப்பிட வைத்து, கொண்டுபோய் விடுவதற்கு வீட்டில் ஒருவரும், அவருக்கு உடம்பு முடியாத நாளில் வேறு ஒருவரும் பெயரளவில் அல்லாமல் உண்மையாகவே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அந்த இரண்டாவது ஆள் பக்கத்து வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம். அவர் பிள்ளையும் அங்கேதான் வருகிறது என்றால் ஒருநாள் அவர், ஒருநாள் நீங்கள் என்று முறை வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது ஆளின் முகத்தை டீச்சரிடம் முன்கூட்டியே அறிமுகப்படுத்திவிடுங்கள். தெரியாத ஆளிடம் பிள்ளையை அனுப்ப மறுக்கும் டீச்சர் தம் கடமையைத்தான் செய்கிறார்.

உடம்பு முடியாத நாள்

நாள் தவறாமல் அனுப்புவது என்றால் காய்ச்சலோடும் அனுப்புவது என்று பொருள் அல்ல. சளி வடிகிறது, காய்ச்சல் இல்லை, பிள்ளை விளையாடுகிறது என்றால் அனுப்பலாம். மூக்கொழுகும் நாளையெல்லாம் விடுப்பாக எண்ணினால் மழைக்காலம் முழுவதும் வீட்டில்தான் இருக்க வேண்டும். காய்ச்சல் இருந்தால், மருந்து கொடுக்காமலேயே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு அனுப்ப வேண்டும். காலையில் மருந்தைக் கொடுத்துச் சூட்டைத் தணித்து அனுப்பினால், மருந்தின் வேகம் தீர்ந்ததும் பிற்பகலில் அங்கே காய்ச்சல் திரும்பும்; அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்த நால்வருக்கும் பரவியிருக்கும்.

வயிற்றுப்போக்கும் வாந்தியும் நின்று ஒரு நாளாவது ஆக வேண்டும். உப்பு சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரையும் தந்திருந்தால், போக்கு நின்றுவிட்டது என்று அதை நிறுத்தாமல் பதினான்கு நாளும் கொடுக்க வேண்டும். அந்த நாள்களில் பிள்ளை மையத்துக்குப் போய்வரலாம். சின்னம்மை கண்டால் எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை வீட்டில் இருக்க வேண்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தை உங்கள் நம்பிக்கைப்படி செய்துகொள்ளுங்கள். மையத்துக்கு அனுப்பும் நாளை மட்டும் தண்ணீரைக் கொண்டு அல்லாமல் பொருக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மெட்ராஸ் ஐ வந்தால் கண்ணில் பீளை வடிவது நிற்கட்டும். தலையில் பேன் இருப்பது விடுப்புக்குக் காரணம் அல்ல. வாரி எடுத்துவிட்டு அனுப்பலாம்.

எந்தக் காரணமானாலும் வராத நாளில் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு ஒரே நோய் என்பது டீச்சருக்கு உடனே தெரிந்தால், அவர் கிராம சுகாதார செவிலியருக்குச் சொல்ல முடியும்.

வாரக்கணக்கில் ஊரில் இல்லாதபோது

இரண்டாம் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போகும் பெண்ணோடு மூத்த பிள்ளையும் போகிறது. மூன்று மாதம், சில வேளை ஐந்து மாதம் கழித்துத் திரும்பும்போது, பழக்கம் முழுவதும் அழிந்திருக்கும். கூடவே வீட்டில் புதிதாக ஒரு குழந்தையும் இருக்கும். இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. தாய்வீட்டு ஊரில் உள்ள மையத்திலேயே மூத்த பிள்ளையைச் சேர்த்துவிடலாம். பதிவை ஒரு மையத்திலிருந்து இன்னொரு மையத்துக்கு மாற்றும் வசதி பணியாளர்கள் பயன்படுத்தும் போஷன் டிராக்கர் செயலியில் இருக்கிறது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே உங்கள் டீச்சரிடம் போகும் ஊரின் பெயரைச் சொல்லிவிடுங்கள். கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு போகிறவர்களும் இதையே செய்யலாம். சூளை ஊருக்கு வெளியே இருக்கும் என்பதால் அருகில் எந்த மையம் இருக்கிறது என்பதைப் போனதும் முதலில் விசாரிக்க வேண்டும்.

ஊர்த் திருவிழாவுக்கும் உறவினர் திருமணத்துக்கும் போவது பற்றி நான் கண்டிப்பு காட்டமாட்டேன். அவையும் பிள்ளை அறிய வேண்டியவைதான். திருவிழா முடிந்த மறுநாள் களைப்பு, அதற்கு மறுநாள் விருந்தாளி என்று நீளும் வாலைத்தான் வெட்ட வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் நின்று திரும்பும் பிள்ளைக்கு, முதல் இரண்டு நாள் நேரத்தைக் குறைத்து, முன்பு செய்ததுபோலவே சிறிது உடன் இருந்து விட வேண்டும்.

நாட்காட்டியில் ஒரு குறி

மையத்தில் பதிவேடு இருக்கிறது; வீட்டிலும் ஒன்று தேவை. சுவரில் மாட்டிய மாத நாட்காட்டி போதும். பிள்ளை போகாத நாளில் வட்டமிட்டு, உள்ளே ஒரே சொல்லில் காரணத்தை எழுதுங்கள்: காய்ச்சல், மழை, ஊர், எழவில்லை, ஆள் இல்லை, மையம் மூடல். மாத முடிவில் எத்தனை வட்டம் என்பதைவிட எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். நோயைத் தவிர்த்து மாதத்தில் மூன்று வட்டம் வந்தாலே ஏதோ ஓர் ஏற்பாட்டைத் திருத்த வேண்டும் என்பது என் கணக்கு. எல்லா வட்டமும் திங்களன்று விழுந்தால் ஞாயிறு இரவைக் கவனிக்க வேண்டும். சந்தை நாளில் விழுந்தால் அன்று கொண்டுபோய் விட வேறு ஆள் வேண்டும்.

‘மையம் மூடல்’ என்ற சொல்லும் சில மாதங்களில் அதிகமாக வரலாம். அங்கன்வாடிப் பணியாளர்கள் வாக்காளர் பட்டியல் வேலைக்கும் கணக்கெடுப்புகளுக்கும் கூட்டங்களுக்கும் அழைக்கப்படுகிறார்கள். ஆயா மட்டும் சமையலையும் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்க்கும் நாள்கள் உண்டு. எனவே முதலில் டீச்சரிடம் கனிவாகவே கேளுங்கள், வெளிவேலை உள்ள நாள்களை முன்னதாகச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். காரணமில்லாமல் அடிக்கடி மூடிக் கிடந்தால், குறித்து வைத்த நாள்களோடு மேற்பார்வையாளரிடமும், பிறகு வட்டாரத்தில் உள்ள குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடமும் எழுதிக் கொடுக்கலாம். அப்போது நாட்காட்டி உங்களுக்குக் கை கொடுக்கும்.

நன்றாகப் போன பிள்ளை திடீரென்று மறுத்தால்

மாதக்கணக்கில் சிரித்துக்கொண்டு போன பிள்ளை ஒரு நாள் வாசலில் உட்கார்ந்துகொண்டு எழ மறுத்தால், அதை முதல் வாரத்து அழுகையைப்போல் எண்ணி இழுத்துக்கொண்டு போகக் கூடாது. ‘ஏன் போகமாட்டேங்குற?’ என்ற கேள்விக்கு மூன்று வயதில் பதில் வராது. ‘பக்கத்துல யாரு உக்காந்தாங்க?’, ‘சோறு யாரு ஊட்டினாங்க?’, ‘பாப்பா ஒன்னுக்குப் போனியா?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டால், ஏதோ ஒரு கேள்வியில் முகம் மாறும். பக்கத்துப் பிள்ளை கடித்திருக்கலாம். பிடிக்காத காயை வற்புறுத்தி ஊட்டியிருக்கலாம். கூடவே வந்த தோழி பள்ளிக்குப் போய்விட்டிருக்கலாம். டீச்சரிடம் தனியே பேசினால் இவற்றில் பல ஓரிரு நாளில் சரியாகும். உடம்பில் காயம், குறிப்பிட்ட ஒருவரைக் கண்டு ஒடுங்குதல் போன்றவை தெரிந்தால் மட்டும் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடமோ 1098 குழந்தைகள் உதவி எண்ணிலோ பேசுங்கள்.

ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்புக்குப் போகும் நாள் நெருங்கும்போது, இதே வேலையைச் சிறிய அளவில் இன்னொரு முறை செய்ய வேண்டியிருக்கும். பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே பள்ளி நேரத்துக்கு எழுப்பத் தொடங்குங்கள். பள்ளிக்கு ஒரு நாள் கூட்டிப்போய், வகுப்பறையைக் காட்டுவதற்கு முன் கழிப்பறையைக் காட்டிவிடுங்கள்.